வாய்க்கால் முறையும் மின்னேற்ற முறையும்: பெரியநீலாவணையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை கல்லாற்றைக் கடந்து அம்பாறை மாவட்டத்துட் புகும்போது முதலில் எதிர்ப்படும் ஊர் பெரியநீலாவணையாகும். கிழக்கே கடல், மேற்கே வாவியின் தென்கோடியும் அதற்கு அப்பால் விரியும் வயல்வெளிகளும், தெற்கே நெசவுக்குப் பேர்போன மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை எனத் தொடர்ந்து செல்லும் தமிழ் முஸ்லிம் குடியிருப்புகள். கவிஞர் நீலாவணன் (1931-1975) பிறந்த ஊரும் இதுவே. தமது காவியத்துக்கு 'வேளாண்மை' என்றே அவர் பெயரிட்டமை இப்பிரதேசத்தின் வாழ்க்கைக்கு எது அச்சாணியாய் இருந்து வந்துள்ளது என்பதை உணர்த்தப் போதுமானது. மின்சாரத்தால் ஓடும் வாகனங்களுக்குத் தரிப்பிடங்களில் எவ்வாறு முறைவைத்து மின்னேற்றுவது என்னும் பொருளை ஆராயப் புகும் நாம் வேளாண்மை பேசும் ஊரிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு வடிவங்களே என்பது எமது கருத்தாகும். பலருக்கும் தேவையான ஒன்று ஒரே வேளையில் எல்லாருக்கும் போதாதவிடத்து யாருக்கு முதலில், யாருக்குப் பின்னர், அதனை யார் தீர்மானிப்பது என்பதே அவ்வினா.

முதலில் நவீன வடிவத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு பணிமனையின் தரிப்பிடத்தில் 50 மின்கார்கள் காலை எட்டு மணிக்கு வந்து மாலை நான்கு மணிவரை நிற்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 கிலோவாட் வீதம் மின்னேற்றம் பெறும்; அன்றாட ஓட்டத்துக்கு இரண்டு மணி நேர ஏற்றம் போதும். ஐம்பதும் ஒரே வேளையில் ஏற்றம் பெற 350 கிலோவாட் வேண்டும். அக்கட்டடத்தின் மின்மாற்றியோ 150 கிலோவாட்டுக்கு மேல் தரமாட்டாது. இந்நிலையில் நிருவாகிகள் இருவகைத் தீர்மானத்துக்கு வருவர்: ஒன்று, பெரும் பணச் செலவிற் பெரிய மின்மாற்றியை நிறுவுதல், மற்றது, 21 கார்களுக்கு மட்டும் இடமளித்து ஏனையோரைத் திருப்பியனுப்புதல். ஆனால் நாட்கணக்கில் நோக்கினால் உண்மையில் இங்கே பற்றாக்குறை எதுவும் இல்லை. ஐம்பது கார்களுக்கும் தேவையானது 700 கிலோவாட்மணி. எட்டு மணி நேரத்தில் மின்மாற்றி தரக்கூடியது 1,200 கிலோவாட்மணி. குறைவாக உள்ளது மின்சாரம் அன்று; ஒரு குறிப்பிட்ட கணத்தின் கொள்ளளவே குறைவு. கார் நிற்கும் நேரம் அது ஏற்றம் பெற வேண்டிய நேரத்தினும் நான்கு மடங்கு நீண்டது. இந்த மிச்ச நேரமே முறைவைப்பின் மூலப்பொருள் எனலாம். அதனைச் சரிவரப் பங்கிட்டால் பழைய மின்மாற்றியே ஐம்பதுக்கும் போதும்.

மின்வண்டிகளைத் தரிப்பிடத்தில் வைத்து ஏற்றம் செய்யும் பிரச்சினை அண்மைக்காலத்தது என எண்ணுவோர் பலர். அது சரியன்று. 1897 ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. அவ்வண்டிகள் தரிப்பிடத்துக்குத் திரும்பியதும் இறங்கிய மின்கலத்தைப் பொறிகளின் உதவியால் வெளியே இழுத்து, ஏற்றம் பெற்ற மின்கலத்தை உள்ளே தள்ளிச் சில நிமிடங்களில் மீண்டும் வீதிக்கு அனுப்பினர். வண்டி காத்திராது, மின்கலம் காத்திருக்கும். முறைவைப்புக்கு அக்கால முதலாளித்துவ நிறுவனம் கண்ட விடை இதுவாகும். அந்நிறுவனத்தின் வாரிசாக எழுந்த பெருங் கம்பனி 1907 இல் வீழ்ந்தது. அதே காலப்பகுதியிற் சிக்காகோவில் சாமுவேல் இன்சல் போன்ற மின்வழங்கற் கம்பனித் தலைவர்கள் வேறொரு கணக்கிற் கவனஞ் செலுத்தினர். மாலையில் விளக்குகளுக்காக இயங்கும் மின்பொறிகள் நள்ளிரவில் வாளாவிருப்பது அவர்கள் கண்ணை உறுத்தியது. இரவிற் கொட்டகையில் நிற்கும் மின்வண்டி அவர்களுக்கு ஓர் அரிய வாடிக்கையாளர். மலிவான இரவுக் கட்டணம் என்னும் எண்ணம் இவ்வாறு கம்பனிகளின் இலாபக் கணக்கிலேயே கருக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பெற்றோற் கார் மேலோங்கியதும் மின்வண்டி மறைந்தது. ஆனால் இரவுக் கட்டணம் மறையவில்லை. 1978 இல் பிரித்தானியாவில் அறிமுகமான ஏழு மணி நேர இரவுக் கட்டணமும் அந்த வழியில் வந்ததே.

முறைவைப்புப் பற்றிய கோட்பாடு வேறோர் இடத்தில் வளர்ந்தது. 1973 ஆம் ஆண்டில் லியு, லேலண்ட் ஆகிய இருவர் கணிப்பொறி பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ஒரே கணிப்பொறி பல வேலைகளைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அது முடிவுற வேண்டிய தவணை ஒன்று உண்டு. எந்த வேலையை எப்போது எடுப்பது? அவர்கள் ஆராய்ந்த முறைகள் இரண்டு. வேலைகளுக்கு நிலையான முதன்மை வரிசை ஒன்றை முன்கூட்டியே விதித்துவிடுதல் ஒன்று. தவணை எதற்கு மிக அண்மையில் உள்ளதோ அதனை அவ்வப்போது எடுத்தல் மற்றது. முதலாவது முறையில், வேலைகள் பலவாகும்போது, கணிப்பொறியின் ஆற்றலில் ஏறத்தாழ 69 சதவீதம் வரை பயன்பட்டாற்றான் எல்லாம் தவணைக்குள் முடியும் என்று உறுதி கூறலாம். இரண்டாவது முறையிலோ முழு ஆற்றலையும் பயன்படுத்தலாம். நிலையான முதன்மை என்பது வெறும் அநீதி மட்டுமன்று. அது விரயமுமாகும் என இம்முடிவுக்கு நாம் ஒரு சமூக விளக்கம் கொடுத்தால் அக்கணித அறிஞர்கள் எம்மீது கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

லேலண்ட் பணியாற்றியது கலிபோர்ணியாத் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வுகூடத்தில். விண்கலங்களை இயக்கும் ஆய்வுகூடம் அது. ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின், 2016 இல், பசடீனா நகரிலுள்ள அந்நிறுவகத்தின் வாகனத் தரிப்பிடம் ஒன்றிலேயே மின்கார்களுக்கு முறைவைத்து ஏற்றம் செய்யும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பேராசிரியர் ஸ்டீவன் லோவும் அவர்தம் குழுவினரும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஏற்றிகளை அங்கு நிறுவினர். ஏற்றிகள் அனைத்தும் ஒரே வேளையில் முழு வீச்சில் இயங்கினால் தாங்கக்கூடிய மின்மாற்றி அக்கட்டடத்தில் இல்லை; அதனை வேண்டுமென்றே அவ்வாறு விட்டனர். வாகனத்தை நிறுத்துபவர் தமது கைத்தொலைபேசி மூலம் இரண்டே செய்திகளைத் தெரிவிக்க வேண்டும்: எனக்கு இவ்வளவு வேண்டும், நான் இத்தனை மணிக்குப் புறப்படுவேன். எஞ்சியதைக் கணிப்பொறி கவனித்துக்கொள்ளும். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அது கணக்கைப் புதுப்பித்து ஒரு காருக்கு ஏற்றத்தைக் கூட்டும், இன்னொன்றுக்குக் குறைக்கும், வேண்டுமாயின் நிறுத்தி வைக்கும். மின்னேற்றத்தை இடையில் நிறுத்திப் பின்னர் தொடர்வதனால் பெரிய இழப்பு எதுவும் நேர்வதில்லை என்பது இங்கே கிடைக்கும் பெருஞ் சலுகை. ஒரு கணிப்பொறிக்கு நிறுவப்பட்ட 1973 ஆம் ஆண்டு முடிவு பல ஏற்றிகள் கொண்ட தரிப்பிடத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு காரும் குறித்த வேகத்துக்கு மேல் ஏற்றம் பெறமாட்டாதாகையால், புறப்படும் நேரத்தை மட்டும் பாராது, இன்னும் நிற்கப்போகும் நேரத்துக்கும் இன்னும் ஏற்றம் பெற வேண்டிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி யாருக்கு மிகக் குறைவு என்றும் பார்க்க வேண்டியதாயிற்று.

இத்தகைய ஏற்பாட்டில் இரண்டு குறைகளை நாம் காண்கிறோம். முதலாவது, அது மனிதரின் சொல்லை நம்பி நிற்கிறது. பசடீனாத் தரிப்பிடத்தின் தரவுகளை 2019 இல் வெளியிட்ட ஆய்வாளர்களே, தமது புறப்பாட்டு நேரத்தையும் மின்தேவையையும் பயனர்கள் பெரிதும் பிழையாகவே மதிப்பிடுவதைக் கண்டனர். பழைய பதிவுகளிலிருந்து ஒருவரின் பழக்கத்தை ஊகிப்பது அவர் சொல்லைக் கேட்பதிலும் நம்பகமானதாய் இருந்தது. இதன் பொருள் யாதெனில், தேவையைக் கேட்டறியும் முறை என்று தொடங்கிய ஒன்று தேவையை ஊகித்தறியும் முறையாக மாறும் போக்குடையது என்பதே. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. எல்லாருக்கும் போதுமான அளவு உள்ளவிடத்தே தவணை முறை மிகச் சிறந்தது. உண்மையான பற்றாக்குறை நேருமிடத்து அது தடுமாறிவிடும். மேலே கூறிய தரிப்பிடத்தில் 150 கிலோவாட்டுக்குப் பதிலாக 50 கிலோவாட் மட்டுமே கிடைத்தால், ஐம்பது பேரின் 700 கிலோவாட்மணித் தேவைக்கு 400 மட்டுமே உண்டு. அப்போது முந்திப் புறப்படுவோர் நிறைவாகப் பெறுவர்; பிந்திப் புறப்படுவோர் வெறுங்கையுடன் செல்வர். ஒவ்வொருவருக்கும் சிறிது சிறிதாகத் தாமதமாகி எவருக்கும் உரிய வேளையில் நிறைவுறாமற் போகவும் கூடும். யாருடைய பயணம் இன்றியமையாதது, யார் பேருந்தில் வீடு செல்லக்கூடியவர் என்பன அவ்விதிக்குத் தெரியா. அதனைத் தெரிந்துகொள்ள வேண்டுமாயின் கணிதத்துக்கு வெளியே வரவேண்டும்.

அவ்வாறு வெளியே வந்து, பற்றாக்குறையின் மத்தியில் முறைவைத்த மக்களைத் தேடும்போது நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பெரியநீலாவணையின் மேற்கே உள்ள வயல்களுக்குத் திரும்பினாற் போதும்.

மட்டக்களப்புப் பிரதேசத்து வயல்நிலம் வட்டை வட்டையாகப் பிரிந்து கிடப்பது. ஒவ்வொரு வட்டைக்கும் நீர் திறந்துவிடுவதையும், வேலி, வாய்க்கால் ஆகியவற்றின் பராமரிப்பையும் மேற்பார்வை செய்ய வட்டவிதானை இருந்தார். 1856 ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்திற் பிறப்பிக்கப்பட்ட 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணிகளின் நீர்ப்பாசனம் தொடர்பாக வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய வழமைகளை மீட்டு நடைமுறைப்படுத்தும் நோக்குடையது. இறக்காமம், அம்பாறைக் குளங்களைப் புனரமைக்கும் வேலைகளும் அக்காலத்தை ஒட்டியே தொடங்கின. குடியேற்ற ஆட்சி திடீரெனப் பழைய வழமைகள்மீது காதல் கொண்டதன் காரணம் நெல்லின் மீதிருந்த வரி என்பதைக் கூறவேண்டியதில்லை. வட்டவிதானையின் ஊதியம் விளைவில் ஒரு பங்கு. அவர் பெரும்பாலும் நிலமுடைய போடியார் வர்க்கத்தோடு உறவுடையவராய் இருந்தமையால், முறை என்பது அவர் வாயில் வந்ததே முறை என்ற நிலையும் இருந்தது. குத்தகைக்கும் கூலிக்கும் வயல் செய்தவர்கள் வாய்க்காலின் முடிவில் நின்று நீரை எதிர்பார்த்தனர்.

1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின் முக்கியத்துவம் இங்குதான் உள்ளது. பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த இச்சட்டம் பொதுவாகக் குத்தகை விவசாயிகளின் உரிமை பற்றியதாகவே பேசப்படுகிறது. ஆனால் வட்டவிதானை என்னும் பதவிக்குப் பதிலாகத் தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அது ஏற்படுத்தியது என்பது எமது பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி. யாருக்கு எப்போது நீர் என்னும் தீர்மானம் ஒரு தனி மனிதர் கையிலிருந்து, அந்நீரை எதிர்பார்த்திருப்பவர்கள் கைக்குச் சட்டப்படியேனும் மாறியது. நடைமுறையில் அக்குழுக்கள் பலவிடங்களில் செல்வாக்குள்ளோரின் பிடியிற் சிக்கி நலிந்தன என்பது வேறு விடயம்.

இதற்கிடையில் கல்லோயாத் திட்டம் பிரதேசத்தின் முகத்தையே மாற்றிவிட்டிருந்தது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் உருவாகியது. மேற்குப் புறத்தே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள் நிலம் பெற்றனர். வாய்க்கால்களின் கீழ்ப்பகுதியிற் கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் பழைய வயல்கள் கிடந்தன. 1956 ஜூனில் கல்லோயாவிலே தமிழர் மீது வன்செயல் மூண்டது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீரின் தலைப்பகுதி ஓர் இனத்திடமும் வாற்பகுதி வேறினங்களிடமும் அமைந்துவிட்ட ஒரு தொகுதியில், மடை திறப்பது வெறும் பொறியியற் காரியமாய் இருக்கவியலாது.

இடதுகரைப் பகுதியின் வாய்க்கால்கள் எழுபதுகளின் இறுதியிற் பெரிதும் சிதைந்திருந்தன. தலைப்பகுதியினர் வேண்டிய போதெல்லாம் நீரைத் திறந்தனர். வாற்பகுதிக்கு எஞ்சியதே வந்தது. மேலே கூறிய நிலையான முதன்மை முறையின் வயல்வடிவம் இது. அதனைத் திருத்தும் திட்டம் 1979 இல் அமெரிக்க உதவியுடன் தொடங்கியது. விவசாயிகளை ஒழுங்கமைக்கும் பணியைக் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏற்றன. 1981 ஆம் ஆண்டின் முற்பகுதியிற் களத்துக்கு அனுப்பப்பட்ட இளம் அமைப்பாளர்கள் அங்கே சென்றபோது பெரிய குளத்தில் நீர் கால்வாசியே இருந்தது. புதிய முறை எதனையும் தொடங்குவதற்கு அதனிலும் பொருத்தமற்ற காலம் இருக்கமுடியாது எனப் பலரும் நினைத்தனர். நடந்ததோ வேறு. வாய்க்கால்கள் திருத்தப்படுவதற்கு முன்னரே விவசாயிகள் கூடிச் சிரமதானமாக அவற்றைத் துப்புரவு செய்தனர். வயல்வாய்க்கால்களில் முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பகுதியினர் தம் மடைகளை மூடிக் கீழுள்ளோருக்கு நீரைக் கடத்தினர். இதனைப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இங்கே நிகழ்ந்ததை நல்லெண்ணத்தின் வெற்றி என்று மட்டும் கூறி அமைவது வரலாற்றாசிரியருக்கு அழகன்று. நாம் வினவவேண்டியது, முன்னர் கிடைக்காத எது அப்போது கிடைத்தது என்பதே. வாய்க்கால் ஒன்றின் பயனாளிகள், ஒருவர் வயல் எத்தனை நாள் காய்ந்தாலும் தாங்கும், மற்றொருவர் வயல் எத்தனை நாளில் வெடித்துவிடும் என்பதை ஒருவர் வாயிலாக மற்றொருவர் அறிந்தனர். பசடீனாவிற் கைத்தொலைபேசி கேட்கும் அதே இரண்டு கேள்விகள்தாம் இவை: எவ்வளவு வேண்டும், எத்தனை நாள் பொறுக்கலாம். வேறுபாடு ஒன்றுண்டு. இங்கே விடையளித்தவர் அயலவர் முகத்தைப் பார்த்து விடையளித்தார். பொய் சொன்னால் அடுத்த நாள் வரம்பில் நடந்து சென்று பார்க்கலாம். அதனோடு, போதாமை நேரும்போது யாருக்குக் குறைப்பது என்னும் தீர்மானத்தையும் அவர்களே எடுத்தனர்.

நீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தலாகாது. மின்னேற்றத்தை ஐந்து நிமிடம் நிறுத்தித் தொடரலாம். காய்ந்த வாய்க்காலில் நீரை நிறுத்தித் தொடர்ந்தால் முதற்பங்கு மண்ணாலேயே உறிஞ்சப்படும். ஆகவே வயலில் முறை நாட்கணக்கில் அமைந்தது. தரிப்பிடத்தில் நிமிடக்கணக்கில் அமைகிறது. நிமிடக்கணக்கான முறையை மனிதர் கூடிப்பேசி நடத்தமுடியாது என்பது உண்மையே. ஆனால் எந்த விதியின்படி நிமிடங்கள் பங்கிடப்பட வேண்டும் என்பதைப் பருவத்துக்கு ஒருமுறை கூடிப்பேசலாம் அல்லவா?

1997 ஆம் ஆண்டுச் சிறுபோகம் இதற்கு இன்னொரு சான்று. அவ்வாண்டு குளத்து நீர் நெற்செய்கைக்குப் போதாது எனப் பொறியியலாளர் கணக்கிட்டனர். இடதுகரை விவசாய அமைப்புகள் அக்கணக்கை ஏற்காது நீரைச் சிக்கனப்படுத்திச் சமமாகப் பகிர்ந்து ஏறத்தாழ 65,000 ஏக்கரிற் சராசரிக்கும் மேலான விளைவைப் பெற்றமையை அப்ஹொஃபும் விஜயரத்னவும் 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை எடுத்துரைக்கிறது. நாடு உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்த ஆண்டு அது. மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் விவசாயிகள். அந்த ஒத்துழைப்பை மிகைப்படுத்தி இனப்பிரச்சினைக்கு மருந்தாகக் காட்டுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. குடியேற்றத்தின் அரசியலை ஒரு போகத்து நீர்ப்பங்கீடு அழித்துவிடவில்லை. எனினும் அந்தப் போகத்தில் கணக்கு பிழைத்தது எங்கே என்பது சிந்தனைக்குரியது. பொறியியலாளர் வழக்கமான விரயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டனர். விவசாயிகள் விரயத்தைக் கழித்துக் கணக்கிட்டனர்.

அந்த அணையிலேயே நீரும் மின்சாரமும் சந்திக்கின்றன. இங்கினியாகலையில் ஏறத்தாழ 11 மெகாவாட் ஆற்றலுள்ள நீர்மின் நிலையம் உண்டு. நீர்ப்பாசனத்துக்கு நீர் திறக்கப்படும்போதே அது இயங்கும். வயலுக்கு முறை வந்தால் விளக்குக்கும் முறை வரும். நாட்டின் பிற நீர்மின் நிலையங்கள் அவ்வாறு வயலுக்குக் கட்டுப்பட்டவையல்லவாயினும் மழைக்குக் கட்டுப்பட்டவையே. 1996 ஆம் ஆண்டின் வரட்சியும் 2001, 2002 ஆம் ஆண்டுகளின் வரட்சியும் நாடெங்கும் மின்வெட்டைக் கொண்டுவந்தன.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டோ மழையால் வந்ததன்று. அந்நியச் செலாவணி வற்றியதால் வந்தது. மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணி நேரமாயிற்று. நாடு ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்பட்ட வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, எந்த எழுத்துக்கு எந்நேரம் இருள் என்பது அன்றாடம் அறிவிக்கப்பட்டது. எரிபொருளுக்கு வாகன இலக்கத்தகட்டின் இறுதி எண்ணின்படி நாள் குறிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டு முதல் குறியீட்டுச் சீட்டின்படி வாராந்தப் பங்கு அளக்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் அது கைவிடப்பட்டது. முறைவைப்பு என்ற சொல்லை அறியாத பொதுமக்களும் அதன் பொருளை அவ்வாண்டிலே கற்றுக்கொண்டனர். இறுதி எண் யாருக்கும் பாரபட்சம் காட்டாது என்பது மெய். ஆனால் வாடகைக்கு ஓடும் முச்சக்கரவண்டிக்கும் வீட்டில் நிற்கும் இரண்டாவது காருக்கும் அது வேறுபாடு காணவில்லை. வரிசைகளிலிருந்து எழுந்த கூக்குரலின் பின்னரே முச்சக்கரவண்டிகளுக்கான பங்கு திருத்தப்பட்டது. எண் நடுநிலையானது, எண்ணால் அளக்கப்படுவோர் நடுநிலையில் வைக்கப்பட்டவர்களல்லர்.

மின்வாகனங்களுக்கு வருவோம். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வரிச் சலுகையால் மின்கார்கள் இலங்கையில் ஓரளவு இறக்குமதியாயின. அக்காலத்தை ஒட்டி வீட்டுப் பாவனையாளருக்கு நேரத்துக்கு நேரம் வேறுபடும் கட்டணம் விருப்பத் தெரிவாக வந்தது: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சக் கட்டணம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைந்த கட்டணம். இன்சல் காலத்துக் கணக்குத்தான் இது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2014 இல் முழுமை பெற்று இரவும் பகலும் இயங்கத் தொடங்கியமையால் இரவில் எஞ்சிய மின்சாரத்துக்கு வாடிக்கையாளர் தேவைப்பட்டனர். 2020 இல் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. இந்த ஐந்தாண்டு இடைவெளியில் நாட்டின் மின் வரைபடம் தலைகீழாக மாறிவிட்டது. 2016 இல் அரசு ஊக்குவித்த கூரைச் சூரியமின் உற்பத்தி 1,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்ததைத் தொடர்ந்து நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிய கேலிகளுக்கிடையே பலர் கவனியாது விட்ட செய்தி, விடுமுறை நாளின் குறைந்த தேவையும் நண்பகலின் மிகுந்த சூரியமின்னும் மின்வலைப்பின்னலை நிலைகுலையக்கூடியதாக வைத்திருந்தமையாகும். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், ஏப்பிரல் 13 முதல் 21 வரை, கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு முன் 13 மணி நேரம் இருளில் இருந்த நாடு, பகலில் மின்சாரத்தை வேண்டாமென்று சொல்லும் நிலைக்கு வந்தது.

ஆகவே இரவில் வீட்டுக் கொட்டகையில் ஏற்றுக என்ற நூறாண்டுப் பழைய அறிவுரை இலங்கையில் வலுவிழந்து வருகிறது. சூரியன் உச்சியில் நிற்கும்போது வாகனமும் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஏற்றி வேண்டும். கல்முனைப் பகுதியில் அவ்விடங்கள் யாவை? வைத்தியசாலை, பிரதேச செயலகம், பாடசாலை, சந்தை, வங்கி. வெள்ளிக்கிழமை நண்பகலிற் பள்ளிவாசல் முன்றிலும் சேரும். ஜும்ஆவுக்கு வந்து நிற்கும் வாகனம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நிற்கும். எல்லாரும் ஒருமிக்க வந்து ஒருமிக்கப் புறப்படுவர். மிச்ச நேரம் என்பதே இல்லை. முறைவைப்பு ஆய்வாளருக்கு இதனிலும் கடினமான தரிப்பிடம் அமையாது! வைத்தியசாலையோ அதற்கு நேர்மாறு: பணிமுறை மாறிமாறி வரும், எட்டு மணி நேரம் நிற்கும் தாதியின் வண்டியும் அரை மணி நேரமே நிற்கும் நோயாளியின் வண்டியும் அருகருகே நிற்கும். தவணை முறையின் முழுப் பயனும் இத்தகைய இடத்திற்றான் வெளிப்படும்.

ஆனால் இவ்விடங்கள் யாவும் மாத ஊதியம் பெறுவோர் பகலில் வாகனத்தை நிறுத்தும் இடங்கள் என்பதை ஊன்றி நோக்கவேண்டும். முச்சக்கரவண்டிச் சாரதி பகலில் நிற்பதில்லை. நின்றால் வருமானம் இல்லை. நாட்டிற் பதிவான முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேல். அவை மின்மயமாகும் நாளில், மலிவான நண்பகல் மின்சாரம் நிற்க வசதியுள்ளோருக்கும், விலைகூடிய மாலை மின்சாரம் ஓடித்தீர வேண்டியோருக்கும் என்று பங்காகிவிடும். விதியில் ஒரு வரியும் பாரபட்சமாக எழுதப்பட்டிராது. மிச்ச நேரம் என்று நாம் முன்னர் குறிப்பிட்ட மூலப்பொருள் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை. அதுவும் ஒரு சொத்தே. வாய்க்காலின் தலைப்பகுதியில் வயல் அமைந்தது போல, நேரத்தின் தலைப்பகுதியில் சிலர் அமைந்துவிட்டனர். நியூயோர்க் நகரத்து வாடகை வண்டிக்காரர்கள் 1897 இல் மின்கலத்தைக் கழற்றி மாற்றியமைக்கு இதுவே காரணம்: ஓடிப் பிழைக்கும் வண்டிக்கு மிச்ச நேரம் கிடையாது. ஆசிய நகரங்கள் சிலவற்றில் முச்சக்கரவண்டிகளுக்கும் ஈருருளிகளுக்கும் மின்கலம் மாற்றும் நிலையங்கள் மீண்டும் தோன்றியுள்ளமை தற்செயலன்று.

2004 டிசெம்பர் 26 ஆம் நாட் கடல்கோளின் பின், கடலை அண்டி வாழ்ந்த குடும்பங்களுக்காகப் பெரியநீலாவணையிலும் கல்முனையிலும் தொடர்மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தனித்தனி வளவுகளில் வாழ்ந்தவர்கள் ஒரே படிக்கட்டையும் ஒரே முற்றத்தையும் பகிர நேர்ந்தது. கீழே நிற்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தனி இடம் கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் மின்மானி தனி, கூரையோ பொது. அக்கூரையிற் சூரியத் தகடுகளும் அம்முற்றத்தில் ஏற்றிகளும் வைக்கப்படுமாயின், நண்பகலிற் கிடைப்பதை வலைப்பின்னலுக்கு விற்பதா, மின்கலங்களில் தேக்கி மாலையில் வீடு திரும்பும் வண்டிகளுக்குக் கொடுப்பதா, கொடுப்பதாயின் எந்த வண்டிக்கு முதலில் என்பனவற்றை அங்கு வாழ்வோர் கூடித் தீர்மானிக்க வேண்டிவரும். அதற்கென ஒரு விதியைக் கணிப்பொறியுடன் சேர்த்து விற்கக் கம்பனிகள் வரும். இடதுகரையின் விவசாய அமைப்புகள் 1981 க்குப் பின் நடத்திய கூட்டங்களிற் கீழ்மடைக்காரர் எவ்வாறு பேசினர், மேல்மடைக்காரர் எந்த நிபந்தனையுடன் மடையை மூடினர், பற்றாக்குறைப் போகத்தில் யாருடைய பங்கு எந்த நியாயத்தின்மேற் குறைக்கப்பட்டது என்பனவற்றை, அவற்றில் அமர்ந்திருந்த முதிய விவசாயிகள் நினைவோடு இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்தல் அவசரமான ஆய்வுப்பணியாகும். மத்தியமுகாமிலும் சவளக்கடையிலும் அவர்களுட் சிலரை இன்னும் சந்திக்கலாம்.